எந்திரத்திற்கு மூச்சளித்த மைபாக்

நெருப்பு எரிவதற்குக் காற்று வேண்டும். அடுப்பின் வாயைச் சாம்பல் அடைத்துக்கொண்டால், எத்துணை நல்ல விறகை இட்டாலும் புகை மிகுமேயன்றிச் சுடர் எழாது. மோட்டார் வண்டியின் எந்திரமும் ஒருவகை அடுப்பே ஆகும். அதனுள்ளே பெட்ரோல் எரிகின்றது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். காற்று குறைந்தால் கரும்புகை எழும். மிகுந்தால் எந்திரம் திணறி நிற்கும். இவ்விரண்டையும் உரிய அளவிற் கலந்து, உரிய காலத்தில் எந்திரத்தினுள் செலுத்தும் வழியைக் கண்ட பெரியார் ஒருவர் ஜெர்மனி நாட்டில் வாழ்ந்தார். அவரே வில்ஹெல்ம் மைபாக் ஆவார்.

மைபாக் 1846ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் ஹைல்பிரான் என்னும் நகரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் தச்சுத்தொழில் வல்லவர். ஆயினும், தந்தையின் கைத்தொழிலைக் கற்கும் பேறு மைந்தருக்கு வாய்க்கவில்லை. பத்தாம் வயதிலேயே அவர் அன்னையும் தந்தையும் இல்லாதவர் ஆனார். ராய்ட்லிங்கன் நகரிற் குஸ்டாவ் வெர்னர் என்னும் அருளாளர் ஆதரவற்ற சிறுவர்க்கென ஓர் அறநிலையம் நடத்தி வந்தார். அங்கே மைபாக்குக்கு அடைக்கலம் கிடைத்தது.

அந்நிலையம் உணவும் உடையும் அளித்ததோடு நிற்கவில்லை. சிறுவர்கள் தம் காலில் நிற்கும்பொருட்டு அவர்களுக்குத் தொழிலும் கற்பித்தது. அங்கிருந்த எந்திரத் தொழிற்சாலையில் மைபாக் வரைபடம் வரையும் பயிற்சி பெற்றார். பகலெல்லாம் உழைத்துக் களைத்த பின்னரும், மாலை வேளைகளிற் கணிதம் முதலிய பாடங்களை ஆர்வத்தோடு பயின்றார். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னர் அதனை மனத்தகத்தே முழுமையாகக் கண்டு, அளவு பிசகாமல் தாளில் வரைந்துகாட்டும் ஆற்றல் அவருக்கு இளமையிலேயே கைவந்தது.

1863ஆம் ஆண்டின் இறுதியில் அத்தொழிற்சாலையின் பொறுப்பை ஏற்க காட்லீப் டைம்லர் என்னும் பொறியறிஞர் வந்தார். அவர் மைபாக்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இளைஞரின் திறமையை அவர் விரைவில் உணர்ந்தார். அன்று தொடங்கிய நட்பு டைம்லரின் இறுதிநாள் வரையில் நீடித்தது. டைம்லர் கார்ல்ஸ்ரூ நகருக்குச் சென்றபோது மைபாக்கும் உடன் சென்றார். பின்னர் 1872ஆம் ஆண்டில் டாய்ட்ஸ் என்னுமிடத்திலிருந்த எந்திரத் தொழிற்சாலைக்கு டைம்லர் தலைமை ஏற்கச் சென்றார். மைபாக் அங்கே வரைபடப் பிரிவின் தலைவரானார்.

அத்தொழிற்சாலையில்தான் 1876ஆம் ஆண்டில் நிக்கொலாஸ் ஓட்டோ தம் புகழ்பெற்ற நான்கு வீச்சு எந்திரத்தை ஆக்கினார். அதனைப் பலருக்கும் பயன்படும் வகையில் திருத்தி, தொழிற்சாலையில் மிகுதியாகச் செய்வதற்கு ஏற்ற வடிவம் தந்தவர் மைபாக். எனினும், அவ்வெந்திரம் பெருஞ்சுமையுடையது, மெல்லச் சுழல்வது. நிலக்கரி வாயுவைக் குழாய்வழியே பெற்று இயங்கியமையால், அது நின்ற இடத்தைவிட்டு நகர இயலாது. சிறிய எந்திரம் வேண்டும், அது விரைந்து சுழலவேண்டும், தனக்குரிய எரிபொருளைத் தானே சுமந்து செல்லவேண்டும் என்று டைம்லரும் மைபாக்கும் எண்ணினர்.

1882ஆம் ஆண்டில் இருவரும் டாய்ட்ஸ் நகரை நீங்கினர். கான்ஸ்டாட் என்னும் ஊரில் டைம்லரின் வீட்டுத் தோட்டத்திலிருந்த செடிவளர்க்கும் கண்ணாடிக்கூடம் அவர்களது பட்டறையாயிற்று. இரவும் பகலும் அங்கே உலோக ஒலி கேட்டது. கள்ள நாணயம் அடிக்கின்றனரோ என்று ஐயுற்ற தோட்டக்காரர் காவல்துறையினருக்குச் செய்தி சொல்ல, அவர்கள் வந்து சோதித்தும் கருவிகளையும் எந்திரத்தையும் அன்றி வேறொன்றும் காணவில்லை என்று கூறுவர். அக்கூடத்தில் உருவான எந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 600 முறை சுழன்றது. 1885ஆம் ஆண்டில் அதனை மரத்தாலான ஓர் இருசக்கர வண்டியிலும், 1886இல் நான்கு சக்கர வண்டியிலும் பொருத்தி ஓட்டினர்.

ஆயினும் ஒரு குறை மைபாக்கின் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. எந்திரம் உட்கொள்ளும் கலவை எப்போதும் ஒரே தன்மையதாக இல்லை. அந்நாளில் பெட்ரோல் நிறைந்த கலத்தினூடே காற்றைச் செலுத்தி, அது ஆவியை ஏந்தி வருமாறு செய்தனர். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலிற் சென்றுவிடும். ஆவியாகாப் பகுதி கலத்தில் தங்கிவிடும். பயணத்தின் தொடக்கத்திற் கிடைத்த கலவை முடிவிற் கிடைக்காது. வெயிலில் ஒருவகையாகவும் குளிரில் வேறு வகையாகவும் எந்திரம் நடந்துகொள்ளும்.

இக்குறையை நீக்க முயன்ற காலத்தில் மைபாக்குக்கு வேறு தொல்லையும் நேர்ந்தது. 1890ஆம் ஆண்டில் டைம்லர் நிறுவனம் பங்குதாரர்களின் கூட்டு நிறுவனமாக மாறியது. பணம் இட்டவர்கள் விதித்த நிபந்தனைகளை ஏற்க மனமின்றி, 1891இல் மைபாக் அதனின்று விலகினார். பெரிய தொழிற்சாலை கைவிட்டுப் போயிற்று. எனினும் அவர் கை சோரவில்லை. டைம்லரின் பொருளுதவியோடு, கான்ஸ்டாடில் ஹெர்மான் விடுதியின் தோட்டமண்டபத்தில் சில தொழிலாளரைக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். உலகம் வியந்த அவரது கண்டுபிடிப்பு, 1893ஆம் ஆண்டளவில், அம்மண்டபத்திலேதான் பிறந்தது.

அக்கருவி கார்புரேட்டர் எனப்படும். அதில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. கிண்ணத்திற் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு ஒரு மிதவை காத்துநிற்கும். கிண்ணத்திலிருந்து நுண்துளையுடைய குழல் ஒன்று காற்றுக்குழாயின் நடுவே நீண்டிருக்கும். பெட்ரோலின் மட்டம் அத்துளைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், எந்திரம் ஓய்ந்திருக்கும்போது அது வழியாது. எந்திரத்தின் உருளையினுள் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று குழாய்வழியே விரைந்து பாயும். பாயும் காற்றின் அழுத்தம் குறைவதனால், பெட்ரோல் மேலெழுந்து நுண்துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலக்கும். கொசுமருந்து தெளிக்கும் கைப்பம்பில் மருந்து புகைபோலத் தெறிப்பதைப் பார்த்திருக்கின்றோம் அல்லவா? அதுவும் இதே நெறியில் இயங்குவதே. இவ்வாறு எந்திரம் எவ்வளவு காற்றை இழுக்கின்றதோ, அதற்கேற்ற பெட்ரோலும் உடன் வந்து சேர்ந்தது.

கலவை உண்டானால் மட்டும் போதுமா? அஃது எல்லா உருளைகளுக்கும் ஒப்பச் சென்று சேரவேண்டும். வாய்க்கால் சீராக அமையாவிடின், தலைமடை வயலில் நீர் தேங்கக் கடைமடை வயல் காய்வதை உழவர் அறிவர். எந்திரத்தின் உட்கொள்குழாயும் அத்தகையதே. ஒரு கிளை நீண்டும் ஒரு கிளை குறுகியும் இருப்பின், ஓர் உருளை மிகுதியாக உண்ணும். மற்றோர் உருளை பசித்திருக்கும். எந்திரம் நடுங்கும், ஆற்றல் வீணாகும். ஆதலின், கலவை செல்லும் வழியும் எந்திரத்தைப் போலவே கருத்தோடு அமைக்கத்தக்கதாகும்.

1895ஆம் ஆண்டில் டைம்லரும் மைபாக்கும் தம் நிறுவனத்திற்கு மதிப்போடு திரும்பினர். ஆனால், 1900ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டைம்லர் மறைந்தார். துணையாக நின்ற நண்பரை இழந்த மைபாக், துயரத்தினிடையே தம் வாழ்நாளின் தலைசிறந்த பணியை மேற்கொண்டார். எமில் எலினெக் என்னும் வணிகர், ஆற்றல் மிக்க புதுவண்டி வேண்டும் என்று கேட்டு, 36 வண்டிகளை ஒருங்கே வாங்கவும் உடன்பட்டார். அவர் தம் மகளின் பெயரையே வண்டிக்கு இட விரும்பினார். அப்பெயரே மெர்சிடீஸ் என்பது.

அவ்வண்டியின் எந்திரம் நான்கு உருளைகளையும் 35 குதிரைத்திறனையும் உடையது. உருளைகளை இரண்டிரண்டாக இணைத்து வார்த்த மைபாக், ஒவ்வோர் இணைக்கும் ஒரு கார்புரேட்டராக இரண்டினை அமைத்தார். அதனால் கலவை நெடுவழி செல்லவேண்டிய தேவை ஒழிந்தது. அதற்கு முன்னர்க் காற்று நுழையும் வால்வுகள் உறிஞ்சும் விசையால் தாமே திறந்துகொண்டன; அவை திறக்கும் காலம் உறுதியற்றது. மைபாக் அவற்றை எந்திரத்தின் சுழற்சியே குறித்த நொடியில் திறந்து மூடுமாறு செய்தார். எந்திரத்தின் வெப்பம் தணிய, 8,070 சிறு குழாய்களைத் தேன்கூடு போல் அடுக்கிய நீர்க்கலம் ஒன்றையும் வண்டியின் முன்புறத்தில் வைத்தார். 1901ஆம் ஆண்டு மார்ச்சில் பிரான்சு நாட்டு நீஸ் நகரில் நடந்த போட்டிகளில் அவ்வண்டி வெற்றிமேல் வெற்றி கண்டது. பிரெஞ்சு மக்கள் மைபாக்கை வடிவமைப்பாளர்களின் மன்னர் எனப் போற்றினர்.

புகழ் வந்தபோதும் வாழ்வு எளிதாகவில்லை. நிறுவனத்தில் அவருடைய சொல்லுக்கு மதிப்புக் குறையவே, 1907இல் அவர் அதனைவிட்டு நீங்கினார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தொன்று. மற்றொருவராயின் ஓய்ந்திருப்பர். மைபாக்கோ, செப்பலின் பெருமகனாரின் வான்கப்பல்களுக்கு எந்திரம் ஆக்கும் தொழிற்சாலையை 1909ஆம் ஆண்டில் நிறுவ வழிசெய்து, அதன் பொறுப்பைத் தம் மைந்தர் கார்லிடம் ஒப்படைத்தார். 1916ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1929ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். கான்ஸ்டாட் இடுகாட்டில், நண்பர் டைம்லரின் கல்லறைக்கு அண்மையிலேயே அவரும் துயில்கின்றார்.

இன்றைய கார்களிற் கார்புரேட்டர் மறைந்து, மின்னணுக் கருவிகள் பெட்ரோலை அளந்து தூவுகின்றன. எனினும், அளவறிந்து கலக்க வேண்டும், கலந்ததை ஒப்பப் பகிர வேண்டும் என்று மைபாக் கண்ட நெறி மாறவில்லை. ஆதரவற்ற சிறுவன் ஒருவனுக்கு ஓர் அறநிலையம் அன்று எழுதுகோலும் தொழிலும் கொடுத்தது. அவன் உலகிற்குத் திருப்பித் தந்ததோ அளவிடற்கரியது. தொழில் கற்கும் வாய்ப்பைப் பெற்ற நாம், அதனைப் பிறர்க்கும் அளித்தல் கடமையன்றோ!