குஸ்தாவ் டி லாவல்

கார்ல் குஸ்தாவ் பாட்ரிக் டி லாவல் (மே 9, 1845 – பெப்ரவரி 2, 1913) சுவீடன் நாட்டைச் சேர்ந்த பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பாலில் இருந்து பாலேட்டைத் தொடர்ச்சியாகப் பிரித்தெடுக்கும் மையவிலக்குப் பிரிப்பியை 1878 இல் உருவாக்கியமைக்காக இவர் பரவலாக அறியப்படுகின்றார். நீராவிச் சுழலி, இன்று ஏவூர்திகளில் பயன்படும் குவி-விரி பீச்சுகுழல், அதிவேகச் சுழற்சிக்கான வளையும் அச்சுத்தண்டு ஆகியனவும் இவருடைய ஆக்கங்களே. சுவீடனில் மட்டும் 92 காப்புரிமைகள் பெற்று 37 நிறுவனங்களைத் தோற்றுவித்த இவர், இறக்கும்போது ஏறத்தாழ எல்லாச் செல்வத்தையும் இழந்திருந்தார்.

இளமையும் கல்வியும்

டி லாவல் சுவீடனின் நடுப்பகுதியில் உள்ள டலார்ணா மாநிலத்தின் ஊர்சா என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய முன்னோர் 17 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்து வந்து சுவீடனின் படையில் பணியாற்றியவர்கள். பெயரில் உள்ள பிரெஞ்சுச் சாயலுக்கு இதுவே காரணம். ஸ்டாக்ஹோமில் உள்ள தொழில்நுட்பக் கழகத்தில் 1866 இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 1872 இல் முனைவர் ஆனார். ஒருவரே பொறியியலையும் வேதியியலையும் முறையாகக் கற்பது அக்காலத்தில் அரிது. படிப்பு முடிந்தபின் சுரங்க நிறுவனம் ஒன்றிலும் கிளோஸ்டர் இரும்பாலையிலும் பணிபுரிந்தார்.

பாலேட்டுச் சிக்கல்

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெண்ணெய் சுவீடனின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றாக வளர்ந்து வந்தது. வெண்ணெய் எடுக்க முதலில் பாலேடு வேண்டும். பாலை அகன்ற தட்டுகளில் ஊற்றி, குளிர்ந்த அறையில் ஒரு நாளோ அதற்கு மேலோ அசையாமல் வைத்து, மேலே மிதந்து வரும் ஏட்டை வழித்தெடுப்பதே வழக்கம். இதற்கு இடமும் பனிக்கட்டியும் ஏராளமாகத் தேவைப்பட்டன. காத்திருக்கும் நேரத்தில் பால் புளித்தும் போனது. தமிழ்நாட்டில் பாலை உறையிட்டுத் தயிராக்கி மத்தால் கடைந்து வெண்ணெய் எடுப்பதால் இங்கு இந்தச் சிக்கல் இவ்வடிவில் எழவில்லை. புளித்தலையே வழிமுறையாக்கிக் கொண்ட தீர்வு அது.

செருமனியில் வில்கெல்ம் லெஃபெல்ட் என்பவர் சுழற்சியால் பாலேட்டைப் பிரிக்கும் ஒரு பொறியை 1870களில் செய்திருந்தார். ஆகவே மையவிலக்கால் பாலைப் பிரிக்கலாம் என்பது டி லாவலின் கண்டுபிடிப்பு அன்று. ஆனால் லெஃபெல்டின் பொறியில் பாலை நிரப்பி, சுழற்றி, நிறுத்தி, ஏட்டை எடுத்து, மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது. இப்பொறியைப் பற்றிய கட்டுரை ஒன்றை 1877 இல் ஒரு செருமானியப் பால் தொழில் இதழில் டி லாவல் படித்தார். நிறுத்தாமலே இதைச் செய்ய முடியும் என்பது அவருடைய எண்ணம். அடுத்த ஆண்டே அதற்கான காப்புரிமையைப் பெற்றார்.

அவருடைய பொறியில் பால் சுழலும் கலத்தின் நடுக்குழாய் வழியாக இடைவிடாது இறங்கும். கனமான கொழுப்பு நீக்கிய பால் கலத்தின் வெளிச்சுவரை ஒட்டியும், இலேசான பாலேடு அச்சை ஒட்டியும் சேரும். ஒவ்வொன்றும் தனித்தனித் துளை வழியே மேலே வெளியேறும். பால் உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரை பொறி ஓடிக்கொண்டிருக்கலாம்.

சுழற்சி எவ்வாறு பிரிக்கின்றது

பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக மிதக்கின்றது. அவற்றின் விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குகளே. கொழுப்பின் அடர்த்தி சுற்றியுள்ள நீர்மத்தின் அடர்த்தியை விட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. இந்தச் சிறிய வேறுபாட்டால்தான் ஏடு மேலே வருகின்றது. உருண்டை மேலெழும் வேகத்தை ஸ்டோக்ஸ் விதி தருகின்றது. அவ்வேகம் உருண்டையின் விட்டத்தின் இருமடிக்கும், அடர்த்தி வேறுபாட்டிற்கும், புவியீர்ப்பு முடுக்கத்திற்கும் நேர்விகிதத்திலும், நீர்மத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்.

4 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டைக்கு இவ்வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,000 இல் ஒரு பங்கு. 10 செ.மீ. ஆழமுள்ள பாத்திரத்தின் அடியில் இருந்து அது தனியே மேலே வர இரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். (குளிர்ந்த பசும்பாலில் உருண்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்வதால் ஏடு இதைவிட விரைவாகவே படிகின்றது.)

உருண்டையின் அளவையோ அடர்த்தியையோ மாற்ற இயலாது. மாற்றக்கூடியது புவியீர்ப்பின் இடத்தில் உள்ள முடுக்கம் மட்டுமே. சுழலும் கலத்தில் அச்சில் இருந்து r தொலைவில், ω என்னும் கோணத் திசைவேகத்தில் செல்லும் பொருளுக்குத் தேவையான மையநோக்கு முடுக்கம் ω²r ஆகும். கலம் நிமிடத்திற்கு 6,000 சுற்றுகள் சுற்றுவதாகவும் r 10 செ.மீ. எனவும் கொண்டால், இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 4,000 மடங்கு. மேலே சொன்ன உருண்டை அதே 10 செ.மீ. தொலைவை இப்போது ஒரு நிமிடத்திற்குள் கடந்துவிடும். வேகத்தை இரட்டித்தால் முடுக்கம் நான்கு மடங்காகும். ஆரத்தை இரட்டித்தால் இரு மடங்கு மட்டுமே. ஆகவேதான் பிரிப்பிகளைப் பெரிதாக்குவதை விட விரைவாகச் சுழற்றுவதில் பொறியாளர்கள் கருத்துச் செலுத்தினர்.

மையவிலக்கு விசை என்று தனியே ஒரு விசை பொருள்களை வெளியே தள்ளுவதில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நிலைமத்தின்படி ஒவ்வொரு துகளும் நேர்கோட்டில் செல்லவே முயல்கின்றது. கலத்தின் சுவரும் அடுத்துள்ள நீர்மமும் அதை உள்நோக்கித் தள்ளி வட்டத்தில் வைத்திருக்கின்றன. கலத்தோடு சேர்ந்து சுழலும் ஒருவரின் பார்வையில் மட்டுமே வெளிநோக்கிய விசை தென்படும். அந்தப் பார்வையில் கணக்கிடுவது எளிது என்பதால் பொறியியல் நூல்கள் அதையே கையாளுகின்றன. கொழுப்பு அச்சை நோக்கி வருவதற்குக் காரணமும் இதுதான். கனமான நீர்மம் வெளியே இடம் பிடிக்கும்போது இலேசான கொழுப்பு உள்ளே ஒதுக்கப்படுகின்றது.

செப்பரேட்டர் நிறுவனமும் ஆல்ஃபா தட்டுகளும்

டி லாவல் 1878 இல் ஆஸ்கார் லாம் என்னும் வணிகருடன் கூட்டுச் சேர்ந்தார். 1883 இல் அக்கூட்டு செப்பரேட்டர் என்னும் பங்கு நிறுவனமாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் கிளை தொடங்கப்பட்டது. கையால் சுற்றும் சிறிய பொறிகள் வந்தபின் சில மாடுகள் மட்டும் வைத்திருந்த உழவர்களும் இவற்றை வாங்கினர்.

பொறியின் திறனை பன்மடங்காக உயர்த்திய மேம்பாடு டி லாவலுடையது அன்று. செருமானியரான கிளெமென்ஸ் வான் பெக்டோல்ஷைம், கலத்தினுள் கூம்பு வடிவ மெல்லிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறைக்கு 1888 இல் காப்புரிமை பெற்றார். தட்டுகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியே இருக்கும். கொழுப்பு உருண்டை கலத்தின் முழு அகலத்தையும் கடக்க வேண்டியதில்லை. அந்தச் சிறு இடைவெளியைக் கடந்து கீழ்த்தட்டின் மேற்பரப்பைத் தொட்டால் போதும், அதன் வழியே அச்சை நோக்கி நகர்ந்துவிடும். ஒரு நிமிடம் தேவைப்பட்ட இடத்தில் நொடியின் ஒரு பகுதி போதுமானது. செப்பரேட்டர் நிறுவனம் இந்த உரிமையை விலைக்கு வாங்கி ஆல்ஃபா என்னும் பெயரில் விற்றது. இரு பெயர்களும் இணைந்து 1963 இல் நிறுவனத்தின் பெயர் ஆல்ஃபா லாவல் என மாறிற்று.

நீராவிச் சுழலி

பிரிப்பியை விரைவாகச் சுழற்ற அக்கால நீராவிப் பொறிகள் ஏற்றவையாக இல்லை. உருளையும் உந்துதண்டும் கொண்ட அவை மெதுவாக இயங்குபவை. டி லாவல் நீராவியைக் கொண்டே நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்ற முயன்றார். 1880களின் முற்பகுதியில் முதல் வடிவம் உருவானது. பத்தாண்டின் இறுதியில் அவர் அமைத்த சுழலியே புகழ் பெற்றது.

நீராவியின் அழுத்தம் முழுவதையும் வேகமாக மாற்ற, முதலில் குறுகிப் பின்னர் விரியும் பீச்சுகுழலை அவர் பயன்படுத்தினார். குறுகிய கழுத்தில் நீராவி ஒலியின் வேகத்தை எட்டும். விரியும் பகுதியில் அது மேலும் வேகம் பெறும். ஒலிவேகத்திற்குக் கீழே பாய்மம் குறுகும் குழாயில் வேகம் கூடுகின்றது. ஒலிவேகத்திற்கு மேலே விரியும் குழாயில்தான் வேகம் கூடுகின்றது. இராபர்ட் காடர்டு பின்னர் தம் ஏவூர்திச் சோதனைகளில் இக்குழலையே கையாண்டார். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் இந்திய ஏவூர்தி எந்திரங்களிலும் இருப்பது லாவல் குழலே.

இவ்வளவு விரைவான நீராவியில் இருந்து ஆற்றலைப் பெற, சக்கரத்தின் விளிம்பும் நீராவியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியில் ஓட வேண்டும். சிறிய சுழலிகள் நிமிடத்திற்கு 30,000 சுற்றுகள் வரை சுற்றின. 12 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பு இதில் நொடிக்கு 375 மீட்டருக்கும் மேல் செல்லும். அங்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 1,20,000 மடங்கு. பாலைப் பிரிக்க உதவிய அதே விளைவு இங்கு சக்கரத்தையே பிய்த்தெறியும் அபாயமாக மாறியது. நடுவில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் சக்கரத்தை அமைத்து அவர் இதை எதிர்கொண்டார்.

மற்றொரு இடர் அதிர்வு. எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்தாலும் சக்கரத்தின் பொருண்மை மையம் அச்சின் மேல் சரியாக அமையாது. பிறர் தண்டைத் தடிப்பாக்கினர். டி லாவல் நேர்மாறாக, மெல்லிய, வளையக்கூடிய தண்டைப் பொருத்தினார். குறிப்பிட்ட ஒரு மாறுநிலை வேகத்தில் அது கடுமையாக அதிரும். அதைக் கடந்துவிட்டால் தண்டு தானே வளைந்து கொடுத்துச் சக்கரம் தன் பொருண்மை மையத்தைச் சுற்றியே அமைதியாகச் சுழலும். இதற்கான தெளிவான கணித விளக்கம் ஒன்றை ஜெஃப்காட் 1919 இல் வெளியிட்டார். ஆங்கில நூல்கள் பெரும்பாலும் ஜெஃப்காட்டின் பெயரை மட்டும் சொல்வது டி லாவலுக்கு இழைக்கப்படும் குறையே.

இச்சுழலி 1893 ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. எனினும் சில நூறு குதிரைத்திறனுக்கு மேல் இதை வளர்க்க இயலவில்லை. ஆற்றலைப் பல படிகளாகப் பிரித்துப் பெற்ற சார்லஸ் பார்சன்சின் சுழலியே மின்நிலையங்களிலும் கப்பல்களிலும் வென்றது.

பிற்காலம்

பிரிப்பியால் வந்த பெரும் பொருளை டி லாவல் புதிய ஆய்வுகளில் செலவிட்டார். மின்விளக்குகள், உலோகம் உருக்கும் மின்னுலைகள், பால் கறக்கும் பொறி என ஒன்றை முடிக்குமுன் அடுத்ததைத் தொடங்குவது அவர் இயல்பு. பலவும் வணிகத்தில் தோற்றன. செப்பரேட்டர் நிறுவனத்தில் தமக்கு இருந்த பங்குகளையும் விற்க நேர்ந்தது. அரச சுவீடிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகவும், சில காலம் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1913 இல் ஸ்டாக்ஹோமில் காலமானார். அவர் பெயரிலான பால் கறக்கும் பொறி அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரே வெற்றியுடன் விற்பனைக்கு வந்தது. மிகைவேக மையவிலக்கியால் புரதங்களின் மூலக்கூற்று எடையை அளந்தவரும் 1926 இல் நோபல் பரிசு பெற்றவருமான தியோடர் ஸ்வெட்பெர்க்கும் சுவீடன் நாட்டவரே.

தமிழ்நாட்டில் பயன்பாடு

விழுப்புரம் வட்டாரத்தில் மையவிலக்கு நுட்பத்தின் பல வடிவங்களைக் காணலாம். முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆகிய ஊர்களில் அமைந்த சர்க்கரை ஆலைகளில் படிகத்தையும் கழிவுப்பாகையும் பிரிப்பது துளையிட்ட கூடை வடிவச் சுழற்பொறி. இது டி லாவலுக்கும் முற்பட்டது. இதில் படிகம் சல்லடையில் தங்க, பாகு துளைகள் வழியே வெளியேறுகின்றது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் டி.எம்.வி. என வழங்கும் நிலக்கடலை, எள் வகைகள் பரவலானவை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலோ, காரம் சேர்த்தபின் உண்டாகும் சோப்புக் கசடை நீக்கத் தட்டடுக்குப் பிரிப்பிகளே பயன்படுகின்றன. மருத்துவ ஆய்வகத்தில் குருதியில் இருந்து பிளாஸ்மாவைப் பிரிப்பதும் இதே முறையில்தான்.

டி லாவலின் பொறிக்கு நேரடி வழித்தோன்றல் பால் பண்ணைகளில் உள்ளது. விழுப்புரத்தில் உள்ள மாவட்டக் கூட்டுறவு ஒன்றியப் பண்ணை உட்பட ஆவின் பண்ணைகளில், பசுவும் எருமையும் தந்த பல்வேறு தரப் பால் ஒன்றாகச் சேர்கின்றது. சமன்படுத்திய பாலுக்கு 3 விழுக்காடும் முழுக்கொழுப்புப் பாலுக்கு 6 விழுக்காடும் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஏட்டைப் பிரித்து, தேவையான அளவு மீண்டும் சேர்ப்பதால் இது இயலுகின்றது. மிஞ்சிய ஏடு வெண்ணெயாகவும் நெய்யாகவும் மாறுகின்றது.

பாலின் விலையைத் தீர்மானிப்பதிலும் சுழற்சிக்குப் பங்கு உண்டு. பாலில் எவ்வளவு கொழுப்பு உள்ளது என்பதை அளக்க டி லாவல் 1880களில் லாக்டோகிரிட் என்னும் சிறு மையவிலக்கியை அமைத்தார். அமெரிக்கரான பாப்காக் 1890 இல் இதைவிட எளிய முறையைக் கண்டு காப்புரிமை பெறாமலே வெளியிட்டார். அதை ஒட்டி சுவிட்சர்லாந்தின் கெர்பர் வகுத்த முறையே இந்தியக் கூட்டுறவுச் சங்கங்களில் பரவியது. கழுத்து நீண்ட கண்ணாடிக் குப்பியில் 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்ககால் ஆகியவற்றை இட்டுக் குலுக்குவர். அமிலம் புரதத்தைக் கரைத்துக் கொழுப்பை விடுவிக்கும். பின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,100 சுற்றுகளில் ஐந்து நிமிடம் சுழற்றினால் கொழுப்பு கழுத்துப் பகுதியில் தெளிந்து நிற்கும். அதன் உயரத்தை அளவுகோட்டில் படித்தால் விழுக்காடு கிடைக்கும். சுழற்சி குறைந்தாலோ குப்பி ஆறிவிட்டாலோ அளவு குறைந்து தெரியும். அந்தக் குறைவு பால் ஊற்றியவரின் கணக்கில் விழும். பல சங்கங்களில் இப்போது மின்னணுப் பகுப்பாய்விகள் வந்துவிட்டன. அவற்றின் அளவீடு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு கெர்பர் குப்பியும் கைச்சுழலியும் வைத்திருக்கப்படுகின்றன.