ரோலர் இழுத்த கை

சிங்கப்பூர்ப் பாடாங் திடலில் 1852லேயே வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் கிளப் தொடங்கிவிட்டார்கள். ஆடின துரைமார் பேர் ஏட்டில் இருக்கு. திடலைக் கூட்டினவர் பேர் எங்கே இருக்கு? இந்தியாவில் அப்படிக் கூட்டின ஒருவர் பேர் மட்டும் நிலைத்துவிட்டது. அவர்தான் பல்வாங்கர் பாலு. அவர் கதையை நாம் தெரிஞ்சிக்கணும்.

1876இல் தார்வாரில் பிறந்தார். தோல் வேலைக்காரச் சாதி என்று ஊர் தள்ளிவைத்த குடும்பம். பூனாவில் பார்சிக்காரர் கிளப்பில் திடல் கூட்டி ரோலர் இழுக்க மாதம் 3 ரூபாய் சம்பளம். பிறகு வெள்ளைக்காரர் கிளப்பில் 4 ரூபாய். அங்கே துரைமார் மட்டையடித்துப் பழக, இவர் மணிக்கணக்காகப் பந்து வீசினார். வீசி வீசியே இடது கைச் சுழல்பந்தில் தேறிவிட்டார்.

வெள்ளைக்காரரை ஜெயிக்க வேண்டுமென்று பூனா இந்துக்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். திடலில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் வேளையில் மட்டும் அவர் வெளியே நிக்கணும், மண்குவளையில் குடிக்கணும். நம்ம பாட்டன்மாருக்கு இது தெரியாத கதையா?

1911இல் இங்கிலாந்து போன இந்தியக் குழுவில் 114 விக்கெட் எடுத்தார். அப்படியும் இந்து அணியின் தலைமையை அவருக்குத் தரவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும் நாங்களும் ஆடமாட்டோம் என்று விலகிவிட்டார்கள். நிர்வாகம் இறங்கிவந்து பாலுவை உபதலைவர் ஆக்கியது. 1923இல் விட்டலே தலைவரானார்.

பாலு 1955இல் காலமானார். அவர் திறமையை யாரும் மறுக்கவில்லை, மரியாதையைத்தான் மறுத்தார்கள். அதை வாங்கிக் கொடுத்தது கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து நின்றதுதான். நமக்கும் வேறு வழி ஏது?