சராசரி மனிதனைத் தேடியவர்

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் யான் ஒரு கணித வல்லுநரின் சரிதையை எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளித்தல் கூடும். ஆயினும், தவணைப் பரீட்சை முடிந்ததும் வகுப்பின் சராசரியைக் கணித்துப் பதிவேட்டில் எழுதும் ஆசிரியர் எவரும் அறிந்திருத்தற்குரிய வாழ்க்கை இது. வானத்து மீன்களை அளப்போர் கையாண்ட சராசரியை மண்ணில் நடமாடும் மாந்தர்மீது பொருத்திக் காட்டியவர் பெல்சிய நாட்டு அறிஞர் அடோல்பு கெற்றலே.

அவர் 1796 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் நாள் கென்ற் நகரிற் பிறந்தார். ஏழு வயதிலேயே தந்தையை இழந்த அவர், பதினேழாவது வயதளவில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். இளமையில் அவருடைய உள்ளம் கவிதையிலும் திளைத்தது. கணிதராகிய தந்தெலின் என்னும் நண்பரோடு கூடி இசைநாடகம் ஒன்றும் இயற்றினார். 1819 இல் கென்ற் பல்கலைக்கழகத்திற் கணிதத்துக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பிரசல்ஸ் நகரிற் பேராசிரியரானார்.

பிரசல்ஸில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று வேண்டும் என்பது அவர் பெருவிருப்பு. அதன் பொருட்டு 1823 இல் பாரிஸ் சென்றார். லாப்பிளாசு, பூரியே முதலிய பேரறிஞரின் தொடர்பு அங்கே அவருக்குக் கிட்டியது. வானியலார் ஒரு விண்மீனின் நிலையைப் பன்முறை அளப்பர். கண்ணின் பிழையாலும் கருவியின் பிழையாலும் அளவுகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். அவற்றின் சராசரியை உண்மைக்கு அண்மையதாகக் கொள்வர். சராசரிக்கு அருகே அளவுகள் மிகுந்தும், விலகிச் செல்லச் செல்லக் குறைந்தும், மணியின் வடிவிற் பரந்து கிடக்கும். இவ்வொழுங்கு மனிதரிடத்தும் உண்டோ என்னும் வினா கெற்றலேயின் நெஞ்சிற் குடிகொண்டது.

1830 இல் பெல்சியத்திற் புரட்சி மூண்டது. வானாராய்ச்சி நிலையத்தின் கட்டட வேலை தடைப்பட்டது. அவரோ பிறப்பு, இறப்பு, திருமணம், குற்றம் ஆகியவற்றின் கணக்குகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். பிரான்சின் நீதிமன்றப் பதிவுகளில் குற்றங்களின் தொகை ஆண்டுக்காண்டு பெரிதும் மாறாதிருந்தது அவரைத் திடுக்கிடச் செய்தது. குற்றத்தின் வேர் தனியொருவன் நெஞ்சில் மட்டுமன்றிச் சமுதாயத்தின் அமைப்பிலும் உண்டு என அவர் துணிந்தார். 1835 இல் மனிதனைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. சராசரி மனிதன் என்னும் கருத்தை உலகுக்கு வழங்கிய நூல் அதுவே.

பின்னர் 1846 இல் வெளியிட்ட நூலில், ஸ்கொத்லாந்துப் போர்வீரர் 5,700 பேருக்கு மேற்பட்டோரின் மார்பளவுகளை அவர் எடுத்தாண்டார். அவற்றின் சராசரி ஏறத்தாழ 40 அங்குலம். முப்பத்து மூன்று அங்குலத்தார் மூவரே. நாற்பத்தெட்டு அங்குலத்தார் ஒருவரே. 39, 40, 41 ஆகிய மூன்று அளவுகளுக்குள் பாதிக்கு மேற்பட்டோர் அடங்கினர். விண்மீன் அளவுகளிற் கண்ட அதே மணிவடிவம் மனித உடலிலும் தோன்றியது!

இங்கே ஒன்றைத் தெளிதல் வேண்டும். ஒரு தொகுதியை விவரிக்க நடு ஒன்று போதாது, பரவலும் வேண்டும். ஐந்து மாணவர் 48, 49, 50, 51, 52 எனப் புள்ளிகள் பெறுகின்றனர் எனக் கொள்வோம். வேறோர் ஐவர் 10, 30, 50, 70, 90 எனப் பெறுகின்றனர். இரு தொகுதிக்கும் சராசரி 50. ஆயின், முன்னதன் வீச்சு 4; பின்னதன் வீச்சு 80. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவைக் கொண்டு கணிக்கப்பெறும் நியம விலகல், முன்னதற்கு ஏறத்தாழ 1.4, பின்னதற்கு ஏறத்தாழ 28.3. முதல் வகுப்புக்கு ஒரே பாடம் பொருந்தும். இரண்டாம் வகுப்பில் 10 புள்ளி பெற்ற பிள்ளை 50 என்னும் எண்ணுக்குப் பின்னே மறைந்து போகிறது. பதிவேட்டில் சராசரி மட்டும் எழுதப்படுமாயின், அப்பிள்ளையைத் தேடிச் செல்வார் யார்?

பரவல் எத்துணை ஆற்றல் உடையது என்பதைக் கெற்றலேயே காட்டினார். படைக்கு அழைக்கப்பெற்ற ஓரிலட்சம் பிரெஞ்சு இளைஞரின் உயரக் கணக்கை அவர் ஆராய்ந்தார். 1.57 மீற்றருக்குக் குறைந்தோர் படைச்சேவையினின்றும் விலக்கப்பெற்றனர். அவ்வெல்லைக்குக் கீழே, மணிவடிவ ஒழுங்கின்படி இருத்தற்குரியவரினும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மிகுதியாக இருந்தனர். எல்லைக்குச் சற்று மேலே அதற்கேற்பக் குறைவு காணப்பட்டது. போருக்கு அஞ்சியோரின் உயரம் ஏட்டிற் குறைக்கப்பட்டதை அவர் உய்த்துணர்ந்தார். சராசரியை மட்டும் நோக்கியிருப்பின் அவ்வுண்மை புலப்பட்டிராது.

இத்தகைய கூர்மதியாளரும் ஓரிடத்தில் வழுவினார் என்பதே என் துணிபு. விண்மீனுக்கு உண்மையான நிலை ஒன்று உண்டு. அதனின்றும் விலகும் அளவுகள் பிழைகள். மனிதருக்கோ அத்தகைய ஒற்றை மூலவடிவம் இல்லை. அவர் சராசரி மனிதனை அழகுக்கும் அறத்துக்கும் இலக்கியமாக உயர்த்தி, ஏனையோரின் வேறுபாட்டை இயற்கை செய்த பிழைபோலக் கருதினார். நெட்டையனும் குட்டையனும் எவருடைய பிழையும் அல்லர், அவர்கள் அவர்களே.

அவருக்குப் பின் வந்தோர் பார்வையைத் திருப்பினர். ஆங்கிலேயராகிய பிரான்சிஸ் கால்டன் விலகலையே ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டார். வரிசையின் நடுவில் நிற்பதாகிய இடையத்தையும் பெரிதும் கையாண்டார். 10, 12, 14, 16, 98 என்னும் புள்ளிகளுக்குச் சராசரி 30, இடையமோ 14. இவற்றுள் எது அவ்வகுப்பின் நிலையை உரைக்கிறது என்பதை வாசகரே உணர்வர். நியம விலகல் என்னும் அளவுக்கு 1890 களிற் பெயர் சூட்டியவர் கார்ல் பியர்சன்.

கெற்றலே 1853 இல் பிரசல்ஸில் கூடிய முதலாவது சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டை முன்னின்று நடத்தினார். தாதியர் திலகமாகிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அவரைக் குருவாகப் போற்றினார். 1855 இல் கடும் நோய் தாக்கி நினைவாற்றல் தளர்ந்த பின்னரும் அவர் எழுத்துப் பணியைக் கைவிடவில்லை. 1874 பெப்ரவரி 17 ஆம் நாள் பிரசல்ஸில் உயிர் நீத்தார்.

இன்று மருத்துவமனைகளிற் பயன்படும் உடற்றிணிவுச் சுட்டியின் மூலமும் அவருடையதே. வளர்ந்தோரின் நிறை உயரத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதை அவர் 1832 அளவிற் கண்டார். இன்றைய பெயரை அதற்கு 1972 இல் இட்டவர் அன்சல் கீஸ். மக்கட் கூட்டத்தை விவரிக்கக் கண்ட அளவு, தனியொருவரின் உடல்நலத்துக்குத் தீர்ப்புக் கூறும் துலாக்கோலாக ஆக்கப்படும்போது கெற்றலேயின் பழைய வழுவே மீண்டும் தலைகாட்டுகிறது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் யான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. சராசரி எழுதும் கட்டத்துக்கு அருகே வேறொரு கட்டம் வரைந்து, அதில் வீச்சையோ விலகலையோ எழுதுங்கள். அவ்வெண் பெரிதாயின், பட்டியலின் அடியில் நிற்கும் பெயரை ஒருமுறை வாசியுங்கள்.