சுரங்கத் தொழிலாளரும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் அம்பேத்கர் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன அரசியல் சட்டமும், மகாத் குளத்துப் போராட்டமும், நாகபுரியில் நிகழ்ந்த பௌத்த ஏற்பும் ஆகும். இவை பன்முறை எழுதப்பட்டுள்ளன. நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களிலும் பன்முறை பேசப்பட்டுள்ளன. ஆனால், 1942 முதல் 1946 வரை அப்பெருமகனார் இந்திய அரசின் தொழிலாளர் துறையை ஏற்று நடத்தினார் என்பதும், அத்துறையில் சுரங்கத் தொழிலாளர் நலனும் அடங்கியிருந்தது என்பதும் நம்மிற் பலர் அறியாதன. வெள்ளிவிழாக் காணும் இச்சங்கத்தின் மலரில் அவ்வரலாற்றை எழுத முனைந்தமைக்குக் காரணம் உண்டு. நம் முன்னோருட் பலர் சுரங்கத்தை நம்பி ஊரை விட்டுச் சென்றவர்கள் ஆவர்.

கோலாருக்குச் சென்ற நம்மவர்

நம் திருவண்ணாமலை 1989ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராவதற்கு முன்னர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆதிதிராவிட மக்கள் மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலுக்குக் குடிபெயர்ந்தனர். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குத் தங்கம் எடுக்கத் தொடங்கினர். ஊரில் நிலமில்லை, பண்ணையாளாக இருந்தால் கூலி தானியமாக வரும், அதுவும் பஞ்சக் காலத்தில் வாராது. கங்காணியும் மேஸ்திரியும் வந்து, மாதந்தோறும் காசாகக் கூலி கிடைக்கும் என்றபோது, நம்மவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். பங்காருபேட்டையில் வண்டி மாறி மாரிகுப்பம் சென்றிறங்கிய அவர்கள், லைன் வீடுகளில் குடியேறினர்.

அவர்கள் இறங்கி உழைத்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து அவ்விடத்திற்கு மின்சாரம் வந்தது. நம் சிற்றூர்கள் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்த காலம் அது. எனினும் அவ்வொளி முதலில் பொன்னுக்காகவே வந்தது. ஆழத்தில் வெப்பமும், திடீரென நிகழும் பாறை வெடிப்பும், துளைக்கும்போது எழும் கல்தூளும் தொழிலாளரின் உயிரைக் குடித்தன. கல்தூள் நுரையீரலிற் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் என்னும் நோயுடன் ஊர் திரும்பிய முதியோரை எம் இளமைப் பருவத்தில் யாம் கண்டிருக்கிறோம். திண்ணையில் அமர்ந்து இரவெல்லாம் இருமுவர். ஊரார் அதனைக் காசம் என்றனர்.

எனினும் தங்கவயல் துன்பத்தை மட்டும் தரவில்லை. கையிற் காசு புழங்கியது. ஊரில் இருந்த பண்ணை அதிகாரம் அங்கு இல்லை. பண்டிதர் அயோத்திதாசரின் தமிழன் இதழை மாரிகுப்பத்துத் தொழிலாளர் வாங்கிப் படித்தனர். பௌத்த சங்கம் அமைத்தனர். இரவுப் பாடசாலை நடத்தினர். 1930ஆம் ஆண்டில் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து வேலைநிறுத்தமும் செய்தனர். குற்றவாளியைப் போல் நடத்தப்படுவதற்கு அவர்கள் உடன்படவில்லை. எழுத்தறிவு சென்ற இடத்தில் தன்மானமும் சென்றது என்பதற்கு இது சான்றாகும்.

கல்வியால் உயர்ந்த பெருமகன்

அண்ணல் அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைநகரில், சுபேதார் ராம்ஜி சக்பால் அவர்களுக்குப் பதினான்காவது மகவாகப் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்தார். பள்ளியில் சாக்குத் துணியை விரித்துத் தனியே அமர்ந்தார். பியூன் மேலிருந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் பருக இயலாத நிலையிலும் படித்தார். 1912ஆம் ஆண்டில் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் அவர்களின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1923ஆம் ஆண்டு டி.எஸ்.ஸி. பட்டம் பெற்றார்.

அவர் கற்றது பொருளாதாரம் என்பதை நம் மாணவர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும். அரசின் வரி எங்கிருந்து வருகிறது, யாரிடம் செல்கிறது, நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தால் யார் வயிறு வாடும் என்பனவே அவர் ஆராய்ந்த பொருள்கள். 1917இல் பரோடாவில் அரசுப் பணியேற்றபோது தங்குவதற்கு ஓர் இடம் கிடைக்காமல் வெளியேறிய அவர், 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். 1938இல் வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கும் மசோதாவைப் பம்பாய்ச் சட்டசபையில் எதிர்த்தார். அதன் பொருட்டு நடந்த வேலைநிறுத்தத்திற்கும் துணை நின்றார்.

தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில்

1942ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் அமர்த்தப்பெற்றார். தீண்டப்படாதார் எனப்பட்ட வகுப்பிலிருந்து அச்சபைக்கு முதன்முதல் சென்றவர் அவரே. இரண்டாம் உலகப்போர் நடந்த காலம் அது. இரயில் ஓடவும், ஆலை இயங்கவும், படைக்கலம் வார்க்கவும் நிலக்கரி வேண்டும். ஆனால் நிலக்கரி உற்பத்தி குறைந்தது. படைத்துறைக் கட்டட வேலைகளில் கூலி மிகுதியாகக் கிடைத்தமையாலும், உணவுத் தானியம் அரிதாயினமையாலும் சுரங்கத் தொழிலாளர் வேறிடம் சென்றனர். குறைந்த கூலியையும் குடியிருக்கத் தகாத வீட்டையும் கொடுத்துவிட்டு ஆள் இல்லை என்று வருந்துவதிற் பொருளில்லை என்பதைத் தொழிலாளர் தம் கால்களாலேயே காட்டினர்.

1943ஆம் ஆண்டு டிசம்பரில் அண்ணல் தன்பாத், ஜாரியா, இராணிகஞ்சு நிலக்கரி வட்டாரங்களுக்குச் சென்றார். அறிக்கைகளைப் படித்ததோடு நில்லாது, சுரங்கத்தினுள் இறங்கி வேலை நடைபெறும் முறையை நேரிற் கண்டார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்வையிட்டார். முதலாளிகள், தொழிலாளர் ஆகிய இரு திறத்தாருடைய பேராளர்களோடும் கலந்து பேசினார். அங்கு உழைத்தவர்கள் சந்தால் முதலிய பழங்குடியினரும், பவுரி முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆவர். கோலாரில் நம்மவர் எவ்வாறோ, அவ்வாறே அங்கு அவர்கள்.

அதன்பின் இரண்டு திங்கள் கழிவதற்குள், 1944 ஜனவரி 31ஆம் நாள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் பிறந்தது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் அணாக் கணக்கில் ஒரு தீர்வை விதித்து, அத்தொகையைத் தொழிலாளரின் குடிநீர், வீடு, மருத்துவம், கல்வி ஆகியவற்றிற்கே செலவிடல் வேண்டும் என்பது அதன் கருத்து. இதன் நுட்பத்தை உணர்தல் நன்று. முதலாளி மனமிரங்கித் தரும் தருமம் வேறு. ஒவ்வொரு டன்னிலும் தொழிலாளருக்கென்று சட்டம் எழுதி வைக்கும் பங்கு வேறு. தருமம் இவ்வாண்டு வரும், அடுத்த ஆண்டு வாராது. பங்கோ கரி வெளியேறும் நாளெல்லாம் வந்துகொண்டேயிருக்கும். பொருளாதாரம் கற்றவர் ஆதலின் இவ்வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். 1946ஆம் ஆண்டில் அப்பிரகச் சுரங்கத் தொழிலாளருக்கும் இத்தகைய நலநிதிச் சட்டம் ஏற்பட்டது. நம் சென்னை மாகாணத்தில் அன்று அடங்கியிருந்த நெல்லூர் மாவட்டத்து அப்பிரகச் சுரங்கங்கள் அதனாற் பயன் பெறும் நிலை உண்டாயிற்று.

பெண் தொழிலாளர்

ஒரு செய்தியை மறைக்காமற் கூறுதல் கடமையாகும். பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வது 1937ஆம் ஆண்டளவில் முற்றிலும் தடுக்கப்பட்டிருந்தது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டினால் 1943இல் அத்தடை நீக்கப்பட்டது. நீக்கியது அண்ணல் பொறுப்பிலிருந்த அரசே. மத்திய சட்டசபையில் 1944 பிப்ரவரியில் இதனைக் கண்டித்துப் பேசினர். அண்ணல் அரசின் பக்கம் நின்று விடையிறுத்தார். இது தற்காலிக ஏற்பாடே என்றும், ஒரே வேலைக்கு ஆணுக்குரிய கூலியே பெண்ணுக்கும் உரியது என்றும் அவர் விளக்கினார்.

ஆண் கரியை வெட்ட, அவன் மனைவி கூடையில் வாரித் தொட்டிவண்டியில் நிரப்புதல் அச்சுரங்கங்களின் பழைய முறை. பெண்ணைத் தடுத்தாற் குடும்பத்தின் வருவாய் குறையும். தடுக்காவிடில் அவள் உடல்நலம் கெடும். இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட தாயின் நிலையை ஏழைகளே அறிவர். அண்ணல் அன்று எடுத்த முடிவு சரியா, தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபடலாம். எனினும் 1946 பிப்ரவரியில் அத்தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது என்பதும், சுரங்கப் பெண்களின் பேறுகாலச் சலுகைச் சட்டம் அவர் காலத்தில் திருத்தப்பட்டது என்பதும் வரலாறு. பெருமக்களைப் போற்றுதல் என்பது அவர்கள் பட்ட நெருக்கடியையும் சேர்த்து அறிதலாகும் என்பது எம் கருத்து.

அதே 1946ஆம் ஆண்டில், தொழிற்சாலைகளில் வாரத்திற்கு 54 மணியாக இருந்த உழைப்பு நேரம் 48 மணியாகக் குறைக்கப்பட்டது. அம்மசோதாவைக் கொணர்ந்தவரும் அண்ணலே.

அரசியல் சட்டத்தில் சுரங்கம்

இச்சட்டங்கள் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிற்கு உரியவை. கோலாரோ மைசூர் மன்னராட்சியில் இருந்தது. ஆதலின் தன்பாத்துத் தொழிலாளிக்கு வந்தது நம்மவருக்கு உடனே வந்து சேரவில்லை. அவ்வேலி அரசியல் சட்டத்தாலேயே நீங்கிற்று. அண்ணலைத் தலைவராகக் கொண்ட வரைவுக் குழு உருவாக்கிய அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, 14 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேறு ஆபத்தான வேலையிலோ அமர்த்தலாகாது என்று விதிக்கின்றது. சுரங்கம் என்னும் சொல் அடிப்படை உரிமைகளின் வரிசையில் இடம்பெற்றிருத்தலைக் காண்க. மேலும், சுரங்கங்களிலும் எண்ணெய் வயல்களிலும் தொழிலாளர் நிலைமையையும் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 55ஆம் இனமாக மைய அரசிடம் வைக்கப்பட்டது. அதன்வழி வந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தன்பாத்திற்கும் கோலாருக்கும் ஒன்றேயாயிற்று.

1951இல் அமைச்சர் பதவியைத் துறந்த அண்ணல், 1954ஆம் ஆண்டில் தங்கவயலுக்கு வருகை தந்தார். ஆண்டுகள் பல அவர் பெயரைச் சொல்லிச் சங்கம் நடத்திய மக்கள் அவரைக் கண்ணாரக் கண்டனர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அப்பெருமகனார், அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டுவது

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் அங்கிருந்து வெளியேறிற்று. எஞ்சி நிற்பன சயனைடு மண்மேடுகளும் லைன் வீடுகளும். பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் ஆசிரியராகவும் பொறியாளராகவும் அலுவலராகவும் தலைநிமிர்ந்தன. படிப்பு எட்டாத குடும்பத்தார் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் செல்கின்றனர். ஒரே லைனில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்களை இவ்வாறு பிரித்தது கல்வி ஒன்றே. பொன் முழுவதும் போயிற்று; எழுத்து மட்டும் நிலைத்தது.

நலநிதியும் என்றென்றைக்கும் இருந்துவிடவில்லை. நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையானபின், அந்நிதிச் சட்டம் 1986இல் நீக்கப்பட்டு, தொழிலாளர் நலம் பார்க்கும் பொறுப்பு நிலக்கரி நிறுவனங்களிடம் சென்றது. பெண்கள் விரும்பி ஒப்புதல் அளித்தால் பகல் வேளையில் நிலத்தடியில் பணிபுரியலாம் என்று 2019இல் விதி மாறிற்று. ஒருவர் எழுதிய சட்டத்தை மற்றொருவர் மாற்றலாம் என்பதை இவை காட்டுகின்றன. ஆதலால், சட்டம் எழுதப்படும் இடத்தில் நம் பிள்ளைகள் எப்போதும் இருத்தல் வேண்டும்.

இது தொலைவில் உள்ள செய்தியன்று. நம் நகருக்கு அண்மையில் உள்ள கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் இரும்புத்தாது உண்டு. அதனை வெட்டி எடுக்கும் திட்டம் இந்நூற்றாண்டில் முன்வைக்கப்பட்டபோது, காடும் நீரும் கெடும் என்று சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் எதிர்த்து நின்றனர். அத்தகைய திட்டத்தின் அறிக்கையைப் படித்து, எத்தனை ஏரிக்கு நீர்வரத்துக் குறையும், எத்தனை பேருக்கு எத்தனை ஆண்டு வேலை, மலை தீர்ந்தபின் யாருக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குக் கேட்க, ஊருக்கு நால்வரேனும் வேண்டாமா? கங்காணி சொன்னதை நம்பிச் சென்ற நம் பாட்டனாருக்கு அவ்வாய்ப்பு இல்லை. நமக்கு உண்டு.

இச்சங்கம் 25 ஆண்டுகளாகப் புத்தகமும் கட்டணமும் தந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தது, ஒரு வேலை கிடைப்பதற்காக மட்டும் அன்று. மண்ணுக்கடியில் இறங்கி உழைப்பவனின் பங்கு எவ்வளவு என்பதை மேலே மேசையில் அமர்ந்து எழுதக்கூடிய கை நம்மிடமிருந்தும் வரவேண்டும் என்பதற்காகவே. அத்தகைய கை ஒன்று 1944ஆம் ஆண்டில் எழுதியதை நாம் அறிவோம். மாணவச் செல்வங்களே! அடுத்ததை எழுதும் கை உங்களுடையதாகுக.