மாட்டேன் என்ற ஐடா அம்மா

நம்ம பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வேலூர் போகிறவர்கள் உண்டு. அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடரோ, நான் மிஷனெரியாக மாட்டேன் என்று அடம்பிடித்தவர்! 1870-ல் ராணிப்பேட்டையில் மிஷனெரி குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கண்ட பஞ்சமே போதும், அமெரிக்காவில் சுகமாய் இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தார்.

சுகவீனமான தாயாரைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியைக் காப்பாத்துங்கம்மா என்று கெஞ்சினார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துப்போயிருந்தார்கள்.

டாக்டருக்குப் படிக்கிறேன் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார் ஐடா. 1899-ல் கார்னெல்லில் பட்டம். 1902-ல் வேலூரில் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பொம்பளப் பிள்ளைகள் எங்கே தேறப்போகுது என்றார்கள். முதல் பரீட்சை எழுதின எல்லாரும் பாஸ்!

எனக்குப் பேச நாக்குத் திக்கும். அதையே சாக்குச் சொல்லி, வருஷக்கணக்காய்ச் சபையில் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தேன். போன மாதம் மண்டபம் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்தக் கதையைத்தான் திக்கித் திக்கிச் சொன்னேன்.