சகோதரி சுப்பலட்சுமி

ஆர். எஸ். சுப்பலட்சுமி (ஆகஸ்ட் 18, 1886 – டிசம்பர் 20, 1969) தமிழ்நாட்டைச் சேர்ந்த கல்வியாளரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். சிறு வயதிலேயே கணவரை இழந்த பெண்களுக்கு உறைவிடமும் கல்வியும் அளிக்கும் இல்லம் ஒன்றைச் சென்னையில் நிறுவினார். இவ்வில்லம் பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில் இயங்கியது. இவர் சகோதரி சுப்பலட்சுமி என்றும் சிஸ்டர் சுப்பலட்சுமி என்றும் அறியப்படுகின்றார்.

பிறப்பும் கல்வியும்

சுப்பலட்சுமி சென்னை மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயர், விசாலாட்சி ஆகியோரின் முதல் மகளாகப் பிறந்தார். இவரது குடும்பம் தஞ்சாவூர் மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டது. ஒன்பதாவது வயதில், நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே இவருக்குத் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார்.

அந்நாளில் கணவரை இழந்த பிராமணப் பெண்கள், சிறுமியராயினும், தலையை மழித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒடுங்கி வாழவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவர்கள் எதிரே வருவது தீய சகுனமாகக் கருதப்பட்டது. சுப்பலட்சுமியின் பெற்றோர் மகளை இவ்வழக்கங்களுக்கு உட்படுத்தாமல் படிக்க வைத்தனர். எழும்பூரிலுள்ள பிரசன்டேசன் கான்வென்டில் பயின்ற இவர், 1911 ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று இவர் குறிப்பிடப்படுகின்றார்.

சாரதா இல்லம்

1912 ஆம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கத்தையும், அதனைத் தொடர்ந்து சாரதா இல்லத்தையும் சுப்பலட்சுமி தொடங்கினார். எழும்பூரில் இருந்த வீட்டில் நான்கு சிறுமிகளுடன் இவ்வில்லம் தொடக்கம் பெற்றது. இளமையில் கணவரை இழந்தவரான இவரது சித்தி வாலாம்பாள் இல்லத்தின் நிர்வாகத்தில் துணை நின்றார்.

அப்போது பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. வயது வந்த பெண்களை ஆண் ஆசிரியர்களிடம் படிக்க அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கின. மணமான பெண்கள் வெளியே சென்று வேலை பார்ப்பதும் அரிதாக இருந்தது. குடும்பத்திற்குச் சுமை என்று ஒதுக்கப்பட்ட சிறுமிகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினால் இரு குறைகளும் ஒருங்கே தீரும் என்பது சுப்பலட்சுமியின் திட்டமாகும். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் இதனை ஆதரித்தார். அவரது முயற்சியால் அரசின் உதவியும் கிடைத்தது.

ஐஸ் ஹவுஸ்

இடப் பற்றாக்குறையால் இல்லம் எழும்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக்கு மாறியது. அங்குள்ள ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 1842 ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டதாகும். பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காருக்கு உரிமையான இக்கட்டிடத்தில் 1897 ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்தார். அரசு 1917 ஆம் ஆண்டில் இதனை விடுதிக்காக வாங்கியது.

விடுதிப் பெண்கள் பள்ளிக் கல்வியையும் ஆசிரியப் பயிற்சியையும் பெற்றுப் பணியில் அமர்ந்தனர். சிலர் கல்லூரிப் படிப்பும் படித்தனர். 1922 ஆம் ஆண்டில் விடுதியை அடுத்து லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும் அதனுடன் இணைந்த மாதிரிப் பள்ளியும் தொடங்கப்பட்டன. கல்லூரியின் முதல் முதல்வராகச் சுப்பலட்சுமி பணியாற்றினார். இதனால் தங்குமிடம், பள்ளி, ஆசிரியப் பயிற்சி ஆகிய மூன்றும் அருகருகே அமைந்தன.

வரம்புகள்

ஐஸ் ஹவுஸ் விடுதியில் பிராமணப் பெண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். உணவிலும் நோன்புகளிலும் வைதிக ஆசாரங்கள் கடைப்பிடிக்கப்பட்டன. ஆசாரம் கெடும் என்று அஞ்சினால் பெற்றோர் சிறுமிகளை அனுப்பமாட்டார்கள் என்பது இதற்குக் காரணமாகும். ஆயினும் அரசுச் செலவில் நடைபெற்ற விடுதி ஒரு சாதியினருக்கு மட்டும் உரியதாக இருந்தமை அதன் பெருங்குறையாகும். சாதி வேறுபாடு இன்றிப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட அவ்வை இல்லம், 1930 ஆம் ஆண்டளவில் முத்துலட்சுமி ரெட்டியால் சென்னையில் தொடங்கப்பட்டது.

வயது வரம்பும் ஒரு தடையாக இருந்தது. வயது மிகுந்தமையால் விடுதியில் சேரமுடியாத பெண்களுக்காக 1927 ஆம் ஆண்டில் சாரதா வித்தியாலயத்தைச் சுப்பலட்சுமி நிறுவினார். அப்பள்ளி 1938 ஆம் ஆண்டு முதல் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் தியாகராய நகரில் நடைபெற்று வருகின்றது.

பொதுப்பணி

அரசுப் பணியில் இருந்தமையால் இவரால் அரசியல் இயக்கங்களில் வெளிப்படையாக ஈடுபட இயலவில்லை. எனினும் குழந்தை மணத்தை எதிர்த்துப் பேசிவந்தார். திருமண வயது குறித்து ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் சாட்சியம் அளித்தார். இக்குழுவின் அறிக்கைக்குப் பின் 1929 ஆம் ஆண்டில் நிறைவேறிய சாரதா சட்டம், பெண்களின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 ஆக நிர்ணயித்தது. இச்சட்டத்தின் பெயர் அதனைக் கொண்டுவந்த ஹர்பிலாஸ் சாரதாவைக் குறிப்பதாகும். சாரதா இல்லத்துடன் தொடர்புடையதன்று.

ஓய்வு பெற்றபின் 1942 ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராக இருந்தார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் 1954 ஆம் ஆண்டில் பெண்கள், குழந்தைகள் நல மையம் அமைவதற்கும் உதவினார்.

விருதுகளும் மறைவும்

1920 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசின் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தையும், 1958 ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். இவரது வாழ்க்கை வரலாற்றை மோனிகா பெல்ட்டன் ஆங்கிலத்தில் எழுதி 1966 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1969 டிசம்பர் 20 அன்று, வைகுண்ட ஏகாதசி நாளில், சுப்பலட்சுமி காலமானார்.

ஐஸ் ஹவுஸ் 1963 ஆம் ஆண்டில் விவேகானந்தர் இல்லம் எனப் பெயரிடப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் அது இராமகிருஷ்ண மடத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அங்கு விவேகானந்தர் பற்றிய நிலையான கண்காட்சி உள்ளது. அதனை அடுத்துள்ள லேடி வெலிங்டன் வளாகத்தில் ஆசிரியர் கல்வி தொடர்ந்து அளிக்கப்படுகின்றது.