வில்வண்டியில் வந்தவர்: அய்யன்காளியும் சாலையின் கண்களும்

உள்ளாட்சித் தலைவர் ஒருவர் எந்த வண்டியில் வந்து இறங்குகிறார் என்பது நம் ஊர்களில் ஓயாமல் பேசப்படும் செய்தி. அவ்வண்டி மக்கள் பணத்தில் வாங்கப்பட்டதாயின் கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை. கேட்காமல் விடுவதே பிழை. ஆனால் சேரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் தம் சொந்தக் காசில் வாங்கிய மோட்டார் சைக்கிளை நோக்கி அதே கேள்வி எழும்போது, அங்கே யாரும் கணக்கைக் கேட்பதில்லை. இருக்கையில் அமர்ந்திருக்கும் உடலே அங்கு விசாரிக்கப்படுகிறது. இவ்விரு கேள்விகளும் ஒரே சொற்களில் கேட்கப்படுவதால் வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. அதைத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை ஒன்று அண்டையிலிருந்த திருவிதாங்கூரில் வாழப்பட்டது.

அய்யன்காளி 1863 ஆகஸ்ட் 28 அன்று திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் புலையர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை அய்யன், தாய் மாலா. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. எனினும் வயலில் உழைத்தவர்களின் அன்றாடம் அதனால் பெரிதும் மாறிவிடவில்லை. பள்ளிக்கூடம் புலையர்க்கு மூடியே இருந்ததால் அவர் எழுத்தறியாமல் வளர்ந்தார். இறுதிவரை எழுத்தறியாதவராகவே வாழ்ந்தார். தந்தைக்கு நிலவுடைமையாளர் ஒருவரிடமிருந்து கிடைத்த சிறிது நிலம் அக்குடும்பத்தை மற்றவர்களைக் காட்டிலும் ஓரளவு உயர்த்தியிருந்தது. பின்னாளில் அவர் வண்டி வாங்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்றைய சாலைகளின் நிலையை இங்கே சற்று விளக்க வேண்டும். பொதுச் சாலைகளை எல்லாச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்ற அரசாணை 1860-களிலேயே பிறந்துவிட்டது. ஆயினும் அரசாங்கச் சாலை வேறு, ஊர்ச் சாலை வேறு என்ற வாதம் ஆணையின் உயிரைப் பறித்தது. காகிதத்தில் திறந்திருந்த வழி நடைமுறையில் அடைபட்டே இருந்தது. ஆதிக்கச் சாதியார் எதிரே வந்தால் புலையர் சாலையை விட்டு இறங்கி, வயலிலோ சேற்றிலோ விலகி நிற்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கக் கூடாது. தலைப்பாகையும் செருப்பும் பெருங்குற்றங்கள்.

1893-இல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார்.

வில்வண்டியைக் காணாத தலைமுறைக்கு ஒரு சொல். அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவே வில்போல வளைந்த இரும்புப் பட்டைகளைப் பொருத்தி, குலுக்கல் தெரியாமல் செல்லும்படி அமைத்த மாட்டுவண்டி அது. கட்டை வண்டி நெல்லுக்கும் உரத்துக்கும் உரியது. வில்வண்டியில் சரக்கு ஏற்றுவதில்லை. மனிதர் அமர்ந்து செல்வதற்காகவே அது செய்யப்பட்டது. அந்த உடல் குலுங்கக் கூடாது, அதற்கு மதிப்பு உண்டு என்பதை வண்டியின் அமைப்பே சொல்லிவிடும். அதனால்தான் அது நாயர் பெருங்குடும்பங்களின் அடையாளமாக இருந்தது. அதனால்தான் அவரும் அதையே தேர்ந்தார் என்று கருத இடமுண்டு.

அவர் வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையும் அணிந்தார். மணி கட்டிய காளைகளைப் பூட்டினார். பகல் வெளிச்சத்தில் பொதுச் சாலையில் வண்டியைச் செலுத்தினார். இரவில் ஓசையின்றிப் போயிருந்தால் அது வெறும் பயணமாக முடிந்திருக்கும். மணியோசை, விலகி நிற்க மாட்டேன் என்ற அறிவிப்பாக இருந்தது. வழிமறித்தவர்கள் முன் அவர் கத்தியை உருவியதாகவும், அவர்கள் பின்வாங்கியதாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவர் எவரையும் இடிக்கவில்லை. எவருடைய வழியையும் அடைக்கவில்லை. அரசு ஏற்கெனவே திறந்துவிட்டதாகச் சொன்ன சாலையில், தாம் விலை கொடுத்து வாங்கிய வண்டியில் சென்றார். குற்றம் அவ்வளவே.

வண்டிப் பயணத்தோடு செய்தி முடியவில்லை. ஒருவர் வண்டியில் போவது துணிவு. நூறு பேர் நடந்து போவதே உரிமை. இதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். இளைஞர்களைத் திரட்டிச் சந்தைகளை நோக்கிக் கூட்டமாக நடந்தார். பாலராமபுரத்தின் சாலியர் தெருவில் அவர்கள் தாக்கப்பட்டனர். இவர்களும் திருப்பித் தாக்கினர். இரு பக்கமும் குருதி சிந்தியது. அக்கலவரத்தின் பொறி சுற்றுவட்டாரங்களிலும் பற்றியது. 1900 வாக்கில் கோயிலை ஒட்டிய சில தெருக்கள் நீங்கலாகப் பெரும்பாலான சாலைகளில் புலையர் நடக்கத் தொடங்கியிருந்தனர். அமைதியான வேண்டுகோள்கள் முப்பது ஆண்டுகளில் சாதிக்காததை அந்த மோதல் சில ஆண்டுகளில் சாதித்தது. இதைச் சங்கடமின்றிப் பதிவு செய்வதே நேர்மை.

1907-இல் அவர் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்ற அரசின் முடிவை உள்ளூர் நிலவுடைமையாளர்கள் ஏற்க மறுத்தபோது, வயல் வேலையை நிறுத்தும்படி தம் மக்களுக்கு அறைகூவல் விடுத்தார். நாற்று நடவும் களை பறிக்கவும் ஆளின்றி வயல்கள் கிடந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், கூலி உயர்வுக்கு நிகராகக் குழந்தைகளின் கல்வியை முன்வைத்து நடத்திய அவ்வேலைநிறுத்தத்தை இந்தியத் தொழிலாளர் வரலாறு இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை. பிற்பாடு பஞ்சமி என்ற சிறுமியை அவர் அழைத்துச் சென்ற ஊரூட்டம்பலம் பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது.

1911-இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். 1904-இல் தொடங்கப்பட்ட அச்சபையில் நிலவுடைமையாளரும் வணிகருமே நிறைந்திருந்தனர். சாலையில் எவருக்காக அவர் விலகி நிற்க வேண்டும் என்று விதித்திருந்தார்களோ, அவர்களோடு ஒரே மண்டபத்தில் அமர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே குடியிருப்பு நிலம், பள்ளிச் சேர்க்கை, கல்வி உதவி ஆகியவற்றையே மீண்டும் மீண்டும் கேட்டார். இன்று ஒரு மக்கள் பிரதிநிதியை அளக்க வேண்டிய கோல் இதுதான்: அவையில் எதைக் கேட்டார், எதைப் பெற்றுத் தந்தார். அவரது வண்டியை ஊர் நினைவில் வைத்திருந்த அளவுக்கு அவர் வைத்த கோரிக்கைகளை நினைவில் வைக்கவில்லை. பாராட்டுவோரும் இதில் விலக்கல்லர். நம் மேடைகளிலும் வில்வண்டிக்குக் கிடைக்கும் கைத்தட்டல் நிலக் கோரிக்கைக்குக் கிடைப்பதில்லை.

பதவி வந்தால் இந்தப் பார்வை விலகிவிடும் என்று எண்ணுவதற்கு வரலாறு இடம் தரவில்லை. 1929-இல் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினர். தீண்டாதார் குறைகளை ஆராயும் அரசுக் குழுவிலும் இருந்தார். அப்போதும் சாளிஸ்காவில் அவரை ஏற்றிச் செல்லக் குதிரைவண்டிக்காரர் எவரும் முன்வரவில்லை. வண்டியோட்டிப் பழகாத ஒருவர் ஓட்ட நேர்ந்தது. வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து எளிய பயணியாகப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார். அப்பேருந்தை மறித்தே அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றனர். வில்வண்டி ஆடம்பரமாகத் தெரிந்ததால் எதிர்த்தார்கள் என்றால், பேருந்தில் அவர்கள் கண்ட ஆடம்பரம் எது?

அய்யன்காளியின் பிற்காலத்தைப் புகழ்மாலையாக மட்டும் எழுதிவிட முடியாது. 1915-இல் கொல்லம் பகுதியின் பெரிநாட்டில், புலையர் பெண்கள் இழிவின் அடையாளமாக அணிந்துவந்த கல்மாலைகளை எறிந்ததை ஒட்டிக் கலவரம் மூண்டபோது அவர் அங்கு சென்று துணை நின்றார். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிகள் பலவற்றையும் ஒரு குடைக்கீழ் சேர்க்க முயன்ற அவரது சங்கம், ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனி அமைப்புகள் தோன்றியதும் தளர்ந்தது. அந்தப் பிளவின் விலையை நாம் இன்றும் கொடுத்துவருகிறோம்.

1936 நவம்பரில் திருவிதாங்கூர்க் கோயில்கள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தார். அவரிடம் அய்யன்காளி கோயிலைப் பற்றிப் பேசாமல், தாம் கண்மூடுவதற்குள் தம் மக்களில் பத்துப் பேராவது பட்டதாரிகளாக வேண்டும் என்ற விருப்பத்தைத் தெரிவித்தார். 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார். 1980-இல் இந்திரா காந்தி திறந்துவைத்த அவரது சிலை திருவனந்தபுரத்தின் வெள்ளயம்பலம் சந்திப்பில் இருக்கிறது. தலைப்பாகையுடன் நிற்கும் அச்சிலையைச் சுற்றியே அமைச்சர்களின் கார்கள் திரும்புகின்றன.